லிஸ்பன்: நாலு நாளில் இரண்டு ராத்திரியை முதலில் ஒதுக்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். செப்டம்பர் நடுவில் நாலு நாள் லிஸ்பன் போகிறீர்கள். கூட அம்மா வருகிறார். வயது அறுபத்தாறு, முழங்கால் வலி உண்டு, ஆனால் மார்கழி வந்தால் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர். ஃபாடோ என்கிற அந்த ஊர்ப் பாட்டைக் கேட்க உங்களுக்கு ஆசை. "ஒரு வார்த்தை புரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்து என்ன செய்ய?" என்கிறார் வீட்டுக்காரர். அவருடைய பட்டியலில் 28-ஆம் நம்பர் ட்ராம், கோட்டை, ஆற்றோரப் பேட்டையான பெலேம், பக்கத்து மலையூர் சின்ட்ரா, கடற்கரை எல்லாம் இருக்கிறது. நாலு நாளில் முடியுமா என்பது கேள்வி.

முடியும். ஆனால் ஒன்றும் மனதில் நிற்காது. நான் அங்கே ஐந்து வருஷம் குடியிருந்தவன், வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தே என் செருப்பு தேய்ந்தது. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: சின்ட்ராவை வெட்டுங்கள், கடற்கரையை வெட்டுங்கள், முதலில் இரண்டு ராத்திரியைப் பாட்டுக்கு எழுதி வையுங்கள். பகலை அதற்கு ஏற்றபடி அமைக்கலாம். லிஸ்பனில் பார்க்க நிறைய இருக்கிறது, ஆனால் பார்த்ததற்கெல்லாம் அர்த்தம் கிடைப்பது ராத்திரி அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான்.

மொழி பற்றி வீட்டுக்காரருக்கு ஒரு பதில் கேள்வி. உங்கள் அம்மாவுக்குத் தெலுங்கு தெரியுமா? தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இத்தனை வருஷமாகத் தியாகராஜர் கீர்த்தனையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது எப்படி? நம் ஊர் ரசிகர்களுக்கு மொழி தெரியாமல் உருகுவதில் இருக்கும் பயிற்சி உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. உங்கள் மூன்று பேரில் ஃபாடோவைச் சரியாகக் கேட்கப் போவது அம்மாதான். பந்தயம் கட்டுகிறேன்.

ஃபாடோ என்ற சொல்லுக்கே விதி என்று பொருள். அவர்கள் வாயில் அது 'ஃபாது' என்று வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் துறைமுகத்தை ஒட்டிய ஏழைத் தெருக்களில், மாலுமிகளும் சுமைக்காரர்களும் விலைமாதரும் புழங்கிய குடிக்கடைகளில் உருவான பாட்டு. பிரேசிலில் ஆப்பிரிக்க அடிமைகளிடம் இருந்த ஆட்டப்பாட்டு கப்பலேறி வந்து இதில் கலந்தது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். 'சௌதாதே' என்ற சொல்லை வைத்துக்கொண்டு, இதை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாது என்று வழிகாட்டிகள் ஒரு கதை விடுவார்கள். தமிழ்க்காரர்கள் அதற்கு அசர வேண்டியதில்லை. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல் என்று நம் ஆட்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். கரையில் நிற்கிறவள், போன கப்பல், வராத ஆள். அவ்வளவுதான் சௌதாதே.

அதற்காக எல்லாம் ஒப்பாரி என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேதான் அம்மாவுக்குப் பிடிக்கப்போகும் விஷயம் இருக்கிறது. பழைய ஃபாடோவில் மெட்டு வேறு, சாகித்தியம் வேறு. 'மெனோர்', 'கொர்ரிதோ', 'மொராரியா' என்று மூன்று மெட்டுகள் எல்லாவற்றுக்கும் மூத்தவை. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. மெனோர் மெதுவாக இழுத்து அழுகிற மெட்டு. கொர்ரிதோ ஓட்டம், கேலி, தெருச்சண்டை எல்லாம் அதில் வரும். அடிக்கணக்குக்குள் அடங்கும் எந்தக் கவிதையையும் அந்த மெட்டில் ஏற்றிப் பாடலாம், சிந்து மெட்டில் ஆளுக்கொரு பாட்டுக் கட்டுவது போல. பாடகர் எழுந்து வந்து, கிதார்க்காரர் காதில் மெட்டின் பெயரையும் சுருதியையும் முணுமுணுப்பார். ஒத்திகை கிடையாது. ஒரே மெட்டை ஒரே ராத்திரியில் மூன்று பேர் மூன்று விதமாகப் பாடக் கேட்கலாம். முதல் கண்ணியை நேராகப் பாடிவிட்டு அடுத்ததில் சொல்லைத் தாமதித்து விடுவது, ஒரு அசையில் நின்று சுற்றி வருவது, தாளத்தை விட்டுப் போய்த் திரும்பி வந்து விழுவது. நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது புரியாமல் போகுமா?

பக்க வாத்தியம் இரண்டு. ஒன்று சாதாரண கிதார், அதை அங்கே 'வியோலா' என்பார்கள். வயலின் குடும்பத்து வியோலா இல்லை. இன்னொன்றுதான் போர்த்துகீசிய கிதார். பேரிக்காய் வடிவம், இரண்டிரண்டாகப் பன்னிரண்டு கம்பி, தலையில் விசிறி விரித்தது போல முடுக்கிகள். வாசிக்கிறவர் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் போல ஒன்றைக் கட்டிக்கொள்வார், வீணைக்காரர்கள் விரலில் கம்பி மாட்டிக்கொள்வது மாதிரி. பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தால் அதன் தலையைப் பாருங்கள். நத்தை போல சுருண்டிருந்தால் லிஸ்பன் கிதார், கண்ணீர்த் துளி வடிவம் இருந்தால் கோயிம்ப்ரா கிதார். கோயிம்ப்ரா வடக்கே உள்ள பல்கலைக்கழக ஊர். அங்கே ஃபாடோ ஆண் மாணவர்களின் சொத்து, கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பாடுவார்கள். கைதட்டவும் மாட்டார்கள், தொண்டையைச் செருமித்தான் பாராட்டுவார்கள். லிஸ்பனில் தாராளமாகத் தட்டலாம்.

ஃபாடோ வீடு என்றால் சாப்பாட்டோடு பாட்டும் நடக்கிற உணவகம். அங்கே ஒரு ராத்திரி எப்படிப் போகும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. எட்டு, எட்டரைக்குச் சாப்பாடு ஆரம்பிக்கும். திடீரென்று விளக்கைக் குறைப்பார்கள். யாராவது "ஸிலென்ஸியு!" என்று சொல்வார்கள். ஃபாடோ பாடப் போகிறோம், அமைதி என்று அர்த்தம். அந்த நிமிஷம் முள்கரண்டி கீழே. பரிமாறுகிறவர் தட்டோடு வாசலில் அப்படியே நின்றுவிடுவார். பாடகி தோளில் கறுப்புச் சால்வை, கண் மூடி, தலை லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கும். மைக் இருக்காது. மூன்று நாலு பாட்டு முடிந்ததும் விளக்கு எரியும், மறுபடி சாப்பாடு, மறுபடி இருட்டு. நடுவில் பேசினால் பக்கத்து மேசைக்காரர் முறைப்பார், பாடகியே பாட்டை நிறுத்திவிட்டதும் உண்டு. நெஞ்சைத் தொட்டுவிட்டால் "ஆ, ஃபாடிஸ்தா!" என்று ஒரு குரல் வரும். நம்ம சபாஷ். அம்மாவிடம் அதைச் சொல்லிக் கொடுங்கள், தகுந்த இடத்தில் போடுவார்.

நான் முதல் தடவை ஏமாந்த கதை இது. ஊர் வந்த வாரமே, ஓட்டல் வரவேற்பறையில் கொடுத்த துண்டுச்சீட்டை நம்பி ஒரு இடத்துக்குப் போனேன். பெரிய கூடம், நாலு பேருந்து நிறைய ஆட்கள், ஒலிபெருக்கி. பாட்டு நடக்கும்போதே வறுத்த மீன் பரிமாறினார்கள். கடைசியில் எல்லாரையும் கைதட்டிக் கூடவே பாடச் சொன்னார்கள். மேசையில் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி வந்தது. இலவசம் என்று நினைத்து நன்றாகச் சாப்பிட்டேன். பில்லில் அதற்கே ஒரு சாப்பாட்டு விலை. அதில் பாதி என் தப்புதான்: போர்ச்சுகல் முழுக்க அது வழக்கம், 'கொவேர்ட்' என்பார்கள், தொட்டால் காசு. வேண்டாம் என்றால் "நாவுன், ஒப்ரிகாது" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெண்கள் சொன்னால், அதாவது நீங்களும் அம்மாவும் சொல்லும்போது, 'ஒப்ரிகாதா'.

எங்கே கேட்பது? அல்ஃபாமா என்ற பழைய பேட்டையில் 'மேசா டே ஃப்ராடெஸ்' என்ற சிறு இடம், முன்பு ஒரு குட்டித் தேவாலயமாக இருந்தது. சுவர் முழுக்க நீல ஓவிய ஓடு. பாட்டு அங்கே தாமதமாகத்தான் களைகட்டும். அதே பேட்டையில் 'பர்ரெய்ரின்யா டே அல்ஃபாமா', அர்ஜெந்தினா சான்டோஸ் என்ற பெரிய பாடகி நடத்திவந்த வீடு. சாப்பாட்டோடு நிதானமாக உட்கார நல்லது. இரண்டுக்கும் முன்பதிவு அவசியம். பைரோ ஆல்ட்டோவில் 'டாஸ்கா டோ ஷிக்கு' வேறு ரகம்: ஒரு மளிகைக்கடை அகலம்தான் இருக்கும், தொழில்முறைப் பாடகர் அல்லாதவர்கள் வந்து பாடுவார்கள். இதற்கு 'ஃபாடோ வாடியு' என்று பெயர். வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறவனின் ஃபாடோ! டாக்சி ஓட்டுகிறவர், கசாப்புக்கடைக்காரர், ஒரு பாட்டியம்மா என்று யார் வேண்டுமானாலும் எழுந்திருப்பார்கள். சில குரல் சுமார், சில குரல் உங்களை உலுக்கிவிடும். ஆனால் பெஞ்சும் நெருக்கடியும் அம்மா முழங்காலுக்கு ஆகாது. அதற்கு நீங்கள் இரண்டு பேர் மட்டும் போங்கள். முதல் நாளே ராத்திரி பன்னிரண்டு வரை முழித்திருக்க முடியாது என்றால், ஷியாடோ பக்கம் சாப்பாடு இல்லாமல் சாயங்காலம் ஒரு மணி நேரம் நடக்கும் கச்சேரிகள் உண்டு. அறிமுகத்துக்கு அது போதும். உண்மையான ருசி அதில் பாதிதான்.

பகலில் முதலில் மொராரியா. 1147-ல் கிறிஸ்தவ அரசர் ஊரைப் பிடித்தபின் முஸ்லிம்களை, அவர்கள் வாயில் 'மோரு', ஒதுக்கி வைத்த பேட்டை, அதனால் அந்தப் பெயர். அங்கே கப்பெலாவு தெருவில்தான் மரியா செவேரா வாழ்ந்தாள். 1820-ல் பிறந்து 1846-ல் இருபத்தாறு வயதில் இறந்துபோனவள். விலைமகள், கிதார் வாசித்துப் பாடுகிறவள், விமியோசு பிரபுவின் காதலி. ஃபாடோவின் முதல் பெயர் அவளுடையது. பாடகிகளின் கறுப்புச் சால்வை அவளுக்காகத்தான் என்பார்கள். இன்றைய பெரும் பாடகி மரீஸா பிறந்தது மொஸாம்பிக்கில், வளர்ந்தது இந்தத் தெருக்களில்தான். இப்போது அதே மொராரியாவின் பென்ஃபொர்மோஸோ தெருவில் வங்காளதேசத்துக்காரர், பாகிஸ்தான்காரர், நேபாளி, பஞ்சாபி எல்லாரும் கடை வைத்திருக்கிறார்கள். கொத்தமல்லிக் கட்டும் பச்சை மிளகாயும் வாங்கிக்கொண்டு திரும்பினால் சுவரில் செத்துப்போன ஃபாடோ பாடகரின் படம். கப்பலில் வந்து இறங்கியவர்கள் முதலில் ஒண்டும் இடமாகவே அந்தப் பேட்டை இருநூறு வருஷமாக இருந்துவருகிறது.

அங்கிருந்து அல்ஃபாமாவின் அடிவாரத்தில் ஃபாடோ அருங்காட்சியகம். சமதளத்தில் இருக்கிறது, அம்மாவுக்குச் சிரமமில்லை. 1998-ல் திறந்தது. ஜோசே மல்யோவா 1910-ல் வரைந்த ஃபாடோ ஓவியத்தை அங்கே நின்று பாருங்கள்: குடித்த கண்ணோடு கிதார் வாசிக்கிற ஒருவன், மேசையில் சாய்ந்து கேட்கிற ஒருத்தி. ராஜ வம்சம் ஒழிந்த வருஷத்து ஓவியம் அது. காதில் மாட்டிக் கேட்கிற கருவியைத் தருவார்கள், அவசரப்படாமல் கேளுங்கள். திங்கட்கிழமை இதுவும் ஊரின் பெரும்பாலான அருங்காட்சியகங்களும் மூடியிருக்கும். திங்களை ஆற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அரசியல் தெரியாமல் இந்தப் பாட்டு பாதிதான் புரியும். 1927-ல் வந்த சட்டம், பாடகர்கள் உரிமச் சீட்டு வாங்க வேண்டும், பாட்டு வரிகளைத் தணிக்கைக்குக் காட்ட வேண்டும் என்றது. அதற்கு முன் தொழிலாளர் கூட்டங்களில் வேலைநிறுத்தம் பற்றியெல்லாம் ஃபாடோ பாடியிருக்கிறார்கள். தணிக்கை வந்ததும் மிஞ்சியது விதி, தாய், வறுமையின் அழகு. சர்வாதிகாரி சலசாரின் ஆட்சி ஜனங்களை மூன்று 'எஃப்' வைத்தே தூங்கப் பண்ணியது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு: ஃபாடோ, ஃபாத்திமா மாதா, ஃபுட்பால். அதனால் அந்தச் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பிறகு கொஞ்ச காலம் ஃபாடோ என்றாலே இளைஞர்கள் முகம் சுளித்தார்கள். மெல்ல மீண்டு வந்தது. 2011-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது.

அந்தப் புரட்சியே பாட்டில்தான் தொடங்கியது. 1974 ஏப்ரல் 24 ராத்திரி வானொலியில் யூரோவிஷன் என்கிற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்குப் போன ஒரு காதல் பாட்டு போட்டால் தயாராக இரு என்று அர்த்தம். நள்ளிரவு தாண்டி, தணிக்கையின் தடைகளுக்கு ஆளான பாடகர் ஜோசே அஃபோன்ஸோவின் ஒரு பாட்டு போட்டால் கிளம்பு என்று அர்த்தம். இரண்டாவது பாட்டு, சரளைக்கல்லில் பலர் சேர்ந்து நடக்கிற காலடிச் சத்தத்தோடு தொடங்கும். படை நகர்ந்தது. மறுநாள் சாயங்காலம் கார்மோ சதுக்கத்தில் பிரதமர் சரணடைந்தார், துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ. ஷியாடோவிலிருந்து நாலு எட்டில் அந்தச் சதுக்கம். மர நிழலில் பெஞ்ச் இருக்கிறது, அம்மா உட்காரட்டும்.

அதே சதுக்கத்தில் கூரையில்லாத கார்மோ மடம் நிற்கிறது. 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்கள் திருநாள், காலைப் பூசை நேரம். ஊரே கோவிலில், எல்லாக் கோவிலிலும் மெழுகுவர்த்தி. நிலம் ஆடியது, ஆறு பின்வாங்கி அலையாகத் திரும்பி வந்தது, விழுந்த மெழுகுவர்த்திகள் நாள்கணக்கில் எரித்தன. இசைக்காரர்கள் மறக்காத இழப்பு ஒன்று இதில் உண்டு. அந்த வருஷம் வசந்தத்தில்தான் அரசர் ஆற்றோரம் தங்க முலாமும் பளிங்குமாக ஒரு ஆபரா அரங்கு கட்டித் திறந்திருந்தார். ஏழே மாதம்தான் நின்றது. பக்கத்தில் இருந்த அரண்மனையும் போனது. ஆனால் பாருங்கள், இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆற்றங்கரைப் பெரிய சதுக்கத்தை ஊர்க்காரர்கள் இன்றும் 'டெரெய்ரோ டோ பாஸோ', அரண்மனை முற்றம் என்றுதான் சொல்கிறார்கள். மெட்ரோ நிலையத்தின் பெயரும் அதுதான். வரைபடத்தில் 'வணிகச் சதுக்கம்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம்.

சதுக்கத்துக்குப் பின்னால் நேர்க்கோடாகக் கிடக்கும் தெருக்கள் பைஷா, பூகம்பத்துக்குப் பின் பொம்பால் என்ற அமைச்சர் கட்டியது. சுவருக்குள் மரச்சட்டக் கூடு வைத்தார்கள், ஆடினாலும் விழாதபடி. மாதிரிக் கூட்டைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள் என்று சொல்வார்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு தொழிலுக்கு: தங்கத் தெரு, வெள்ளித் தெரு. 'ருவா டோஸ் சப்பாத்தெய்ரோஸ்' என்று ஒரு பலகை வரும். இலங்கைத் தமிழர் யாராவது கூட இருந்தால் சிரித்துவிடுவார்கள். சப்பாத்துக்காரர் தெரு!

அதைத் தொட்டுவிட்டதால் சொல்கிறேன். ஓட்டல் அறையில் நீங்கள் தொடுவதில் பாதிக்குப் பெயர் நம் வாயில் இருக்கிறது. ஜன்னல் அவர்களுக்கு ஜனேலா, மேசை மேசா, சாவி ஷாவ், அலமாரி அர்மாரியு, காலையில் கேட்கும் அன்னாசி அனனாஸ், யாழ்ப்பாணத்தார் சொல்லும் பாண் அங்கே பாவுன். இன்னொரு பெரிய விஷயத்தைப் பலர் அறியாமலே ஊரைவிட்டுத் திரும்புகிறார்கள். தமிழ் முதன்முதலில் அச்சேறியது லிஸ்பனில்தான், 1554-ல். 'கார்த்தில்யா' என்ற சிறிய ஜெபப் புத்தகம். தமிழ் எழுத்து இன்னும் வார்க்கப்படவில்லை, அதனால் தமிழை ரோமன் எழுத்தில் அடித்து, சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியம் சேர்த்தார்கள். செய்தவர்கள் வின்செந்தே டி நாசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமா டா குரூஸ். பெயர் இப்படி இருந்தாலும் மூவரும் நம் பக்கத்து ஆட்கள், ஞானஸ்நானத்தில் கிடைத்த பெயர்கள் இவை. தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வந்தது அதற்கு இருபத்து நாலு வருஷம் கழித்து, 1578-ல். ஆற்றங்கரையில் நின்று, பிழை திருத்தக் கையில் அச்சுத் தாளோடு இந்த மூன்று பேர் நடந்துபோனதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பெலேமுக்கு ஒரு அரை நாள் போதும், 15-ஆம் நம்பர் ட்ராம் போகும். ஜெரோனிமோஸ் மடத்தின் கல் வேலைப்பாடு பிரமாதம்தான், மறுக்கவில்லை. கயிற்று முடிச்சு, பவளம், கடற்பாசி எல்லாம் கல்லில். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கிழக்கிலிருந்து வந்த மிளகு மீது போட்ட வரியிலிருந்து. மலபார் மிளகு கட்டிய கோவிலுக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1502-ல் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பிய கப்பலை ஆட்களோடு எரித்தவர் இவரேதான். பதினாறாம் நூற்றாண்டு நடுவில் லிஸ்பன் மக்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமை. 'போஸோ டோஸ் நெக்ரோஸ்', கறுப்பர் குழி என்று ஒரு தெரு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. இறந்த அடிமைகளின் உடல்களைப் போட ஒரு குழி தோண்டச் சொல்லி 1515-ல் மன்னர் மனுவேல் எழுதிய உத்தரவு உண்டு. பெலேமின் வெள்ளைக்கல் நினைவுச்சின்னங்களில் இது எதுவும் எழுதியிருக்காது. பக்கத்துக் கடையில் 1837 முதல் விற்கும் முட்டைக்கூழ் பலகாரம் உண்டு, சூடாக, மேலே பட்டைத்தூள் தூவி. அது மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லது. முட்டை சாப்பிடாதவர் என்றால் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

அமாலியா ரோட்ரிகஸ் பெயரைச் சொல்லாமல் முடித்தால் லிஸ்பன்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1920-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் துறைமுகத்தில் பழம் விற்றவர். பெருங்கவிஞர்களின் வரிகளை ஃபாடோவில் பாடியவர், அதற்குத் திட்டும் வாங்கியவர். 1999 அக்டோபரில் இறந்தபோது நாடு மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. 2001-ல் தேசிய நினைவாலயத்துக்கு அவர் உடலை மாற்றினார்கள், அங்கே இடம் பெற்ற முதல் பெண். கல்லறை மேல் எப்போதும் புதுப்பூ இருக்கும். அந்தக் கட்டடமே ஒரு வேடிக்கை. 1682-ல் தொடங்கி 1966-ல் முடித்தார்கள். முடியாத வேலைக்கு அவர்கள் சொல்வது 'சான்டா எங்க்ராசியா வேலை'. செவ்வாய், சனி போனால் வாசலிலேயே 'ஃபெய்ரா டா லாட்ரா', திருடியின் சந்தை என்று பொருள்படும் பழம்பொருள் சந்தை. உடைந்த ஓடு, பழைய இசைத்தட்டு எல்லாம் தரையில் பரப்பியிருப்பார்கள். ஓடு வாங்காதீர்கள். பழைய சுவர்களிலிருந்து பெயர்த்துத் திருடியது நிறைய சுற்றுகிறது.

இனி கால் வலி விவகாரம். ஊர் முழுக்க மேடு. நடைபாதையில் கறுப்பு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் துண்டுகள் பதித்திருப்பார்கள். அழகு, ஆனால் ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அம்மாவுக்கு ரப்பர் அடி வைத்த ஷூ கட்டாயம், சேலைக்குப் பொருந்தாது என்று ஒத்துக்கொள்ளாவிட்டாலும் விடாதீர்கள். கோட்டைக்கு நடக்க வேண்டாம், ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 பேருந்து மேலேயே கொண்டுபோய் விடும். 28-ஆம் நம்பர் ட்ராமை மார்டிம் மோனிஸில் வரிசையில் நின்று பிடிக்காதீர்கள். மறுமுனை காம்போ டே ஓரிகேயில் காலை எட்டுக்கு முன் ஏறினால் ஜன்னலோர மரப்பெஞ்ச் கிடைக்கும். கூட்டத்தில் பை முன்பக்கம் இருக்கட்டும், அந்த ட்ராமில் ஜேப்படி ஒரு தொழில். பழைய பயணக் குறிப்புகளில் குளோரியா சரிவு ரயிலைச் சிபாரிசு செய்திருப்பார்கள். 2025 செப்டம்பர் 3-ல் அதன் இழுவைக் கம்பி கழன்று, பெட்டி தடம்புரண்டு 16 பேர் இறந்தார்கள். மற்ற பழைய சரிவு ரயில்களையும் அப்போது சோதனைக்காக நிறுத்தினார்கள், எது ஓடுகிறது என்று போகும் வாரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமைக்கு: காய்ஸ் டோ சுத்ரேயிலிருந்து அக்கரை கசில்யாஸுக்குப் படகு. வேலைக்குப் போகிற ஜனங்களின் படகு, பத்து நிமிஷம்தான், மெட்ரோ அட்டையே செல்லும். துறைமுக ஊரைத் தண்ணீரிலிருந்துதான் பார்க்க வேண்டும். மலை மலையாக அடுக்கிய வெள்ளை வீடுகள், நடுவே இருநூற்றைம்பது வருஷமாகக் காலியாக நிற்கிற அரண்மனை முற்றம், எல்லாம் ஒரே பார்வையில் புரியும். ஐந்தரைக்குப் போய், வெயில் சாயும் நேரம் திரும்புங்கள்.

சைவச் சாப்பாடு கொஞ்சம் தகராறுதான். கீரைச் சூப்பு 'கால்டோ வெர்டே' என்று ஆசையாக வாங்கினால் அடியில் ஒரு பன்றித் தொத்திறைச்சி வில்லை கிடக்கும், முன்பே சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். ஃபாடோ வீட்டில் முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள். அவசரத்துக்கு எந்தத் தெருமுனைக் காபிக்கடையிலும் 'ஷமூஸா' கிடைக்கும். கோவா வழியாக வந்து அங்கேயே குடியேறிவிட்ட சமோசா, பெரும்பாலும் உள்ளே இறைச்சி, கேட்டு வாங்குங்கள். காபி வேண்டுமானால் 'பிக்கா'. நம் பில்டர் காபி டம்ளரை எதிர்பார்க்காதீர்கள், இரண்டு மடக்குதான்.

மதியம் இரண்டுக்குள் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, நாலரை வரை அம்மாவைத் தூங்க விடுங்கள். பாட்டு பத்தரைக்கு மேல்தான் சூடு பிடிக்கும். நல்ல பாடகியைக் கடைசியில்தான் எழுப்புவார்கள்.